அழகிப் போட்டியும் ஊர் வாசலும்

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் சார்" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, சோழர் காலத்து ஏரிப் பாசனம் பற்றி ஏதாவது தருவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். வரலாற்றுத் துறைக்காரன் வேறு என்னத்தை எழுதிவிடப் போகிறான்? "அழகிப் போட்டி பற்றி எழுதட்டுமா?" என்று நான் கேட்டதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுதுங்க சார், பசங்க படிப்பாங்க" என்றார். பசங்க மட்டுமல்ல, நம் சங்கத்துப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிரீடம், கைத்தட்டல், கண்ணீர், காமிரா எல்லாம் டி.வி.யில் பார்த்துப் பழகியவை. எனக்கு அந்த மேடையைவிட அதற்குப் போகும் படிக்கட்டில்தான் அக்கறை. தேசிய அழகி என்று ஒருவரை நிறுத்துவதற்கு முன்னால் மாநில அழகி இருக்கிறார். அவருக்கும் முன்னால் ஏதோ ஒரு சின்ன ஊர், அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹால், அங்கே நாலைந்து நடுவர்கள். என்.சி.சி.யில் டெல்லி குடியரசு தின முகாமுக்குத் தேர்வானவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெல்லியில் நடந்ததைவிட, இங்கே கல்லூரி மைதானத்தில் யார் பெயரை முதலில் எழுதினார்கள் என்ற கதைதான் சுவையாக இருக்கும். முதல் படியில் பெயர் இல்லாதவனுக்கு டெல்லி ஏது?

இதற்கு வரலாற்றில் நல்ல உதாரணம் 'மிஸ் அமெரிக்கா' போட்டி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை. நம் நாட்டுக்கும் அதிலிருந்து ஒரு கிளை வருகிறது.

சீசன் முடியக் கூடாது!

நியூஜெர்சி மாநிலத்தில் கடலோரமாக அட்லாண்டிக் சிட்டி என்று ஓர் உல்லாச நகரம். கோடை விடுமுறையில் கூட்டம் அலைமோதும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அமெரிக்கர்களுக்குத் தொழிலாளர் தினம். அதோடு சீசன் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டிவிடுவார்கள். நம் குற்றாலத்தில் சாரல் நின்ற பிறகு லாட்ஜ்காரர் முகம் எப்படி இருக்கும்? அங்கேயும் அப்படித்தான். கூட்டத்தை இன்னும் சில நாள் பிடித்து வைக்க ஓட்டல்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு கொண்டாட்டம் ஏற்பாடு செய்தார்கள். அதன் ஒரு பகுதிதான் 1921 செப்டம்பரில் நடந்த நகரங்களுக்கு இடையிலான அழகிப் போட்டி.

ஆனால் அழகிகளுக்கு எங்கே போவது? இங்கேதான் பத்திரிகைகள் வந்தன. அந்தந்த ஊர் நாளிதழ் ஒரு போட்டி நடத்தும், வாசகர்கள் புகைப்படம் அனுப்புவார்கள், ஜெயித்த பெண்ணை அட்லாண்டிக் சிட்டிக்கு அனுப்பி வைப்பார்கள். பத்திரிகை விற்பனை கூடும், ஓட்டலும் நிரம்பும். ஆக, 'ஊரில் தேர்வு, மையத்தில் இறுதிப் போட்டி' என்ற ஏற்பாடு பிறந்ததே வியாபாரக் கணக்கில்தான்.

'வாஷிங்டன் ஹெரால்ட்' பத்திரிகை தேர்ந்தெடுத்த மார்கரெட் கார்மன் என்ற பெண் அந்த முதல் போட்டியில் வென்றார். வயது 16. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். தேர்வான செய்தியைச் சொல்ல நிருபர்கள் தேடிப் போனபோது அவர் கோலி விளையாடிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. அடுத்த வருஷமே ஐம்பதுக்கு மேற்பட்ட நகரங்கள் ஆள் அனுப்பின. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தின் மேரி கேத்தரின் கேம்பல் 1922-லும் 1923-லும் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தார். அதற்குப் பிறகு யாரும் இரண்டு தடவை ஜெயித்ததில்லை.

வியாபாரத்துக்காகத் தொடங்கியது நிலைத்துவிடவில்லை. கெட்ட பெயர் சேர்ந்ததால் 1928-ல் நிறுத்திவிட்டார்கள். 1933-ல் ஒரு முறை நடத்திப் பார்த்தார்கள். 1935-ல் லெனோரா ஸ்லாட்டர் என்ற அம்மையார் வந்த பிறகுதான் போட்டி தலை நிமிர்ந்தது.

ஸ்லாட்டர் அம்மையாரின் நிர்வாகம்

சும்மா சொல்லக் கூடாது, நிர்வாகத்தில் கெட்டிக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் போட்டி அவர் கையில் இருந்தது. பாட்டு, நடனம், வாத்தியம் என்று ஏதாவது ஒரு திறமையை மேடையில் காட்ட வேண்டும் என்று கொண்டு வந்தார். 1938 முதல் அது கட்டாயமானது. பூங்கா, திருவிழா, பத்திரிகை பெயரில் வந்த பட்டங்களை எல்லாம் குறைத்து, மாநிலத்துக்கு ஒருவர் என்ற ஒழுங்கை மெல்ல மெல்லக் கொண்டுவந்தார். ஊர்ப் போட்டிகளை நடத்தும் பொறுப்பை ஜேசீஸ் மாதிரியான உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்றன. நம் ஊரிலும் ஜேசீஸ், லயன்ஸ், ரோட்டரி எல்லாம் பேச்சுப் போட்டி நடத்துகிறார்களே, கிட்டத்தட்ட அதே முறை. ஊர்ச் சங்கம் மாநில அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். மாநில அமைப்பு தேசிய அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். விதிமுறை மேலிருந்து கீழே வரும், பெண்கள் கீழிருந்து மேலே போவார்கள்.

மேலிருந்து வந்த விதிகளில் ஒன்று இன்று படித்தாலும் வயிற்றைப் பிசையும். ஏழாம் விதி என்று அதற்குப் பெயர். போட்டியில் கலந்துகொள்பவர் நல்ல உடல்நலம் உள்ளவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. வம்சாவளி எழுதித் தர ஒரு படிவமும் உண்டு. அதற்கு முன்பே, 1923-ல், கருப்பின மக்கள் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள். எப்படித் தெரியுமா? ஒரு இசை நிகழ்ச்சியில் அடிமை வேஷம் கட்டி!

இதே ஸ்லாட்டர்தான் 1945-ல் கல்லூரி உதவித்தொகையையும் தொடங்கினார் என்பதை மறைக்கக் கூடாது. மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. முதல் தொகை 5,000 டாலர். அதைப் பெற்றவர் நியூயார்க் நகரத்தின் பெஸ் மையர்சன். ஹண்டர் கல்லூரியில் இசை படித்துப் பட்டம் வாங்கிய பெண். பிராங்க்ஸ் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த கூட்டுறவுக் குடியிருப்பில் வளர்ந்த யூதப் பெண். "பெயர் யூதப் பெயராக இருக்கிறது, மேடைக்காக மாற்றிக்கொள்" என்று ஸ்லாட்டரே ஆலோசனை சொன்னார். மையர்சன் மறுத்துவிட்டார். 1945 செப்டம்பர் 8 அன்று ஜெயித்தார். ஐரோப்பாவில் யூதர்களுக்கு நடந்த கொடூரம் உலகத்துக்குத் தெரிய வந்த வருஷம் அது என்பதை நினைவில் வையுங்கள். கிரீடம் வந்தது, ஆனால் விளம்பரத்துக்கு அழைக்க வேண்டிய கம்பெனிகள் பலவும் அவரை அழைக்கவில்லை. சில இடங்களில் யூதர்களுக்கு இடமில்லை என்ற பலகைதான் வரவேற்றது. அவர் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இனவெறுப்புக்கு எதிராகப் பள்ளி பள்ளியாகப் பேசக் கிளம்பிவிட்டார்.

ஒரு நீச்சலுடையில் பிறந்த இன்னொரு போட்டி

நடுவில் ஒரு கிளைக்கதை. நமக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

1950-ல் மிஸ் அலபாமாவாக வந்து கிரீடம் சூடியவர் யோலாண்ட் பெட்பீஸ். இசை கற்றவர், பாடகி. ஜெயித்த பிறகு நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய் விளம்பரத்துக்கு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். நீச்சலுடை தயாரித்த கேட்டலினா கம்பெனிக்குக் கோபம். ஆதரவை விலக்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுதான் மிஸ் யு.எஸ்.ஏ.யும் மிஸ் யுனிவர்ஸும். 1952-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டி நடந்தது.

அதில் இந்தியாவின் சார்பில் நின்றவர் யார் தெரியுமா? சென்னையில் பிறந்த இந்திராணி ரஹ்மான்! பரதநாட்டியத்தையும் ஒடிசியையும் பல நாடுகளுக்குக் கொண்டுபோன அதே இந்திராணிதான். அவருடைய தாயார் ராகினி தேவி, அமெரிக்காவில் பிறந்து இந்திய நடனத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். 1952-ல் இந்திராணி திருமணமாகிக் குழந்தையும் உள்ளவர். அப்போது அதையெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை போலிருக்கிறது!

விதி போனது, வாசல் திறந்ததா?

இனி கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். மாணவ நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஏழாம் விதியை 1950-ல் எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் தடை கிடையாது. அப்படியானால் 1951-ல் ஒரு கருப்பினப் பெண் மேடைக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. 1955-ல் வரவில்லை. 1960-ல் வரவில்லை. 1954 முதல் டி.வி.யில் நாடே பார்க்கத் தொடங்கியது, அந்தத் திரையிலும் வரவில்லை. 1964-ல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது, அப்போதும் வரவில்லை. விதி போய் முழுசாக இருபது வருஷம் ஆன பிறகுதான் ஒருவர் வந்தார்.

ஏன்? தேசியப் போட்டியில் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அங்கே வரைக்கும் யாரும் போகவே இல்லை என்பதுதான் விஷயம். ஊர்ப் போட்டியை நடத்தியது ஊர்ப் பிரமுகர்கள், நடுவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அறிவிப்பு அவர்கள் கண்ணில் பட்ட இடத்தில் ஒட்டப்பட்டது. விண்ணப்பம் அவர்களுக்குத் தெரிந்த வீட்டுக்குப் போனது. யாரையும் "வராதே" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாநிலப் போட்டியில் ஜெயிக்காமல் தேசிய மேடை ஏற முடியாது, ஊர்ப் போட்டியில் ஜெயிக்காமல் மாநில மேடை ஏற முடியாது. கேட்டால், "எங்களிடம் பாகுபாடே கிடையாது, மாநிலங்கள் அனுப்பவில்லை" என்று மேலே இருப்பவர் சொல்லலாம். "எங்கள் ஊரில் யாரும் விண்ணப்பிக்கவில்லை" என்று கீழே இருப்பவர் சொல்லலாம். ரெண்டு பேர் சொல்வதும் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும்! வெளியே நிற்பவள் மட்டும் வெளியேயே நிற்பாள்.

1968 செப்டம்பர் 7 அன்று இந்தக் கோபம் அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு பக்கமாக வெடித்தது. மண்டபத்துக்கு வெளியே கடற்கரை நடைபாதையில் சில நூறு பெண்கள் கூடினார்கள். பெண்ணை மாட்டுச் சந்தையில் நிறுத்துவதுபோல நிறுத்துகிறீர்களே என்று சொல்லி, ஒரு ஆட்டுக்குக் கிரீடம் வைத்தார்கள். குதிகால் செருப்பு, உள்ளாடை, பொய் இமை எல்லாவற்றையும் ஒரு குப்பைத் தொட்டியில் வீசினார்கள். "உள்ளாடையைக் கொளுத்தினார்கள்" என்று பிற்பாடு உலகம் முழுக்கப் பேசப்பட்டது, ஆனால் அன்றைக்கு அங்கே எதுவும் கொளுத்தப்படவில்லை. அதே இரவு, அதே ஊரில் இன்னொரு ஓட்டலில் முதல் 'மிஸ் பிளாக் அமெரிக்கா' போட்டி நடந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த சாண்ட்ரா வில்லியம்ஸ் ஜெயித்தார். முதல் கூட்டம் இந்தப் போட்டியே வேண்டாம் என்றது, இரண்டாவது கூட்டம் எங்களுக்கு இடம் எங்கே என்று கேட்டது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது.

டெக்கோராவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

கடைசியில் வாசல் திறந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். அயோவா மாநிலம். சோள வயலும் பன்றிப் பண்ணையும் நிறைந்த மாநிலம். 1970-ல் அங்கே நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூடக் கருப்பினத்தவர் கிடையாது. அந்த மாநிலத்தில் டெக்கோரா என்ற சின்ன ஊரில் லூதர் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்க நியூயார்க்கிலிருந்து வந்திருந்தார் செரில் பிரவுன் என்ற கருப்பின மாணவி.

கல்லூரி வழியாகக் கிடைத்த ஊர், ஊர் வழியாகக் கிடைத்த மேடை. 1970-ல் அவர் மிஸ் அயோவா ஆனார். அந்த செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி மேடையில் ஏறினார். மிஸ் அமெரிக்கா இறுதிப் போட்டியில் நின்ற முதல் கருப்பினப் பெண் அவர்தான். அந்த வருஷம் கிரீடம் டெக்ஸாஸின் ஃபிலிஸ் ஜார்ஜுக்குப் போனது. செரில் முதல் பத்து இடங்களில்கூட வரவில்லை. அடுத்த வருஷம் ஃபிலிஸ் ஜார்ஜோடும் வேறு சில மாநில அழகிகளோடும் வியட்நாமில் இருந்த ராணுவ வீரர்களைப் பார்க்கப் போய் வந்தார். அவ்வளவுதான் கதை.

கிரீடம் வாங்காத ஒருத்தரைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். லட்சக்கணக்கான கருப்பின மக்கள் வாழும் பெரிய நகரங்களில் திறக்காத வாசல், ஒரு கிராமப்புறக் கல்லூரி இருந்த ஊரில் திறந்தது என்பதைக் கவனியுங்கள். தலைமை அலுவலகம் இருபது வருஷமாகச் செய்யாததை ஓர் ஊரும் ஒரு மாநிலத்து நடுவர்களும் செய்தார்கள். பூட்டு கீழ்ப்படியில் இருந்தது என்றால் சாவியும் அங்கேதானே இருக்க வேண்டும்!

அதன் பிறகு நடை கொஞ்சம் வேகமானது. 1980-ல் அர்க்கன்ஸாவின் லென்கோலா சல்லிவன் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார். 1983 செப்டம்பரில், சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவி வனெஸ்ஸா வில்லியம்ஸ், சிராக்யூஸ் நகரப் பட்டம், நியூயார்க் மாநிலப் பட்டம் என்று படிப்படியாக ஏறி, மிஸ் அமெரிக்கா கிரீடம் சூடிய முதல் கருப்பினப் பெண்ணானார். பத்து மாதத்தில், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பத்திரிகை வெளியிட்ட பழைய படங்களால் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. மிச்சமிருந்த ஏழு வாரத்துக்கு நியூஜெர்சியின் சூசெட் சார்ல்ஸ் பட்டத்தை ஏற்றார். அவரும் கருப்பினப் பெண். வனெஸ்ஸா பாடகியாகவும் நடிகையாகவும் பெரும் புகழ் பெற்றார். 2015-ல் அதே மேடைக்கு அவரை அழைத்து, அமைப்பின் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தொரு வருஷம் தாமதம். ஆனாலும் கேட்டார்களே!

அதே சிராக்யூஸிலிருந்து இன்னொருவர் புறப்பட்டார். ஆந்திரத்திலிருந்து போன தெலுங்குப் பெற்றோரின் மகள் நீனா தாவுலூரி, சிராக்யூஸ் பட்டம் வாங்கி, 2013-ல் மிஸ் நியூயார்க் ஆகி, செப்டம்பர் 15 அன்று மிஸ் அமெரிக்காவும் ஆனார். மேடையில் அவர் ஆடியது இந்தி சினிமாப் பாட்டுக்கு! இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல்வர். அன்றிரவே அவரை வெளிநாட்டுக்காரி என்றும் அதைவிட மோசமாகவும் திட்டிச் சமூக ஊடகங்களில் எழுதித் தள்ளினார்கள். பெஸ் மையர்சனுக்குப் பலகையில் எழுதி வைத்தது, நீனாவுக்குக் கைபேசியில் வந்தது.

உதவித்தொகைக் கணக்கு

கல்லூரி மலர் என்பதால் உதவித்தொகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு 4.5 கோடி டாலர் உதவித்தொகை அளிக்கிறோம் என்று மிஸ் அமெரிக்கா அமைப்பு ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிவந்தது. 2014-ல் ஒரு டி.வி. நிகழ்ச்சி அந்தக் கணக்கைத் தோண்டியது. ஒரு கல்லூரி, "போட்டியாளர் யார் வந்தாலும் கட்டணச் சலுகை தருகிறோம்" என்று சொல்லியிருக்கும். ஒரு பெண்கூட அங்கே சேராவிட்டாலும், மொத்தப் போட்டியாளர் எண்ணிக்கையால் அதைப் பெருக்கிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்! உண்மையில் கையில் கிடைத்தது அதில் சிறு பகுதிதான். ஆனால் அதே நிகழ்ச்சி இன்னொன்றையும் சொன்னது. அந்தச் சிறு பகுதியை வைத்துப் பார்த்தாலும், பெண்களுக்கு மட்டும் என்று உதவித்தொகை தரும் அமைப்புகளில் இதைவிடப் பெரியது அவர்கள் கண்ணில் படவில்லை. இதில் யார் வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் படிப்புக்குப் பணம் தேட அழகிப் போட்டி மேடை ஏற வேண்டியிருந்தது என்றால், அந்தக் குறை மேடையில் மட்டும் இல்லை.

2018-ல் நீச்சலுடைச் சுற்றையே எடுத்துவிட்டார்கள். அந்த முடிவாலும் நிர்வாகத் தகராறுகளாலும் பல மாநில அமைப்புகள் தலைமையை எதிர்த்துக் கிளம்பின. சில மாநிலங்களின் உரிமத்தைத் தலைமை ரத்து செய்தது. ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும் சண்டை போட்டால் ஏணி என்ன ஆகும்? ஆட்டம் கண்டது. 2019-ல் போட்டி அட்லாண்டிக் சிட்டியை விட்டே போனது.

நம் பக்கத்து ஏணி

இந்தியாவில் ரொம்ப நாள் மாநில ஏணி என்று ஒன்று ஒழுங்காக இருந்ததில்லை. பத்திரிகைகள்தான் இங்கேயும் போட்டி நடத்தின. 1966-ல் மிஸ் பம்பாய் பட்டம் வாங்கி, பிறகு 'ஈவ்ஸ் வீக்லி' பத்திரிகையின் மிஸ் இந்தியா ஆகி, நவம்பர் 17 அன்று லண்டனில் உலக அழகியானார் ரீட்டா ஃபாரியா. அப்போது அவர் பம்பாய் கிராண்ட் மெடிக்கல் கல்லூரி மாணவி. ஒரு வருஷம் பட்டத்தை அனுபவித்தார். பிறகு விளம்பரம், சினிமா எதுவும் வேண்டாம் என்று மறுபடி மருத்துவப் படிப்புக்கே போய் டாக்டர் ஆனார். நம் மாணவிகள் அறிந்துவைக்க வேண்டிய பெயர் அது.

ஆனால் அந்த வாசல் பம்பாயில் இருந்தது. பத்திரிகை அங்கே, போட்டோகிராபர் அங்கே, தையற்காரர் அங்கே. திருநெல்வேலிப் பெண்ணோ கோஹிமாப் பெண்ணோ அந்த வாசலுக்கு ரயில் ஏற வேண்டும். அதற்கும் முதலில் வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்! நம் ஊரில் இருந்த மேடை பெரும்பாலும் சினிமாவுக்கு வழியானது. 1999-ல் மிஸ் சென்னை ஆன த்ரிஷாவை எல்லோருக்கும் தெரியும்.

எதிர்ப்பும் நமக்குப் புதிதல்ல. 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது பெண்கள் அமைப்புகளும் பண்பாட்டுக் காவலர்களும் வெவ்வேறு காரணம் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். மதுரையில் ஓர் இளைஞர் அதை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தே போனார். ஒரு போட்டிக்காக ஓர் உயிர். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

2017-ல்தான் 'ஃபெமினா மிஸ் இந்தியா' போட்டி, மாநிலத்துக்கு ஒருவர் என்ற முறைக்கு மாறியது. முதல் வருஷமே ஹரியானாவின் சார்பில் வந்த மருத்துவ மாணவி மானுஷி சில்லர் இந்திய அழகியாகி, அதே ஆண்டில் உலக அழகியும் ஆனார். அடுத்த வருஷம், 2018 ஜூன் 19 அன்று மும்பையில் கிரீடம் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ், அப்போது சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த 19 வயது மாணவி. அந்த டிசம்பரில் சீனாவின் சான்யா நகரில் நடந்த உலக அழகிப் போட்டியில் முதல் 30 பேரில் ஒருவராக வந்தார். திருச்சியில் அதற்கு முன்னால் அழகும் அறிவும் உள்ள பெண்களே இல்லையா என்ன? இருந்தார்கள். அவர்கள் ஊருக்கு ஏணி வரவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு இதில் என்ன?

அழகிப் போட்டி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பெண்ணை அளவெடுத்து மார்க் போடுவது எனக்கு உள்ளூரப் பிடிக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத ஒன்றிலிருந்தும் வரலாறு பாடம் நடத்துகிறதே, அதைத்தான் பகிர்ந்துகொள்கிறேன்.

இப்போது மாணவர் மன்றத்தில் பொறுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பேச்சுப் போட்டி, வினாடி வினா, கல்ச்சுரல்ஸ், விளையாட்டு எதுவானாலும், மாநில அளவில் நம் கல்லூரிப் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். சந்தோஷம். அந்தத் தேர்வு எத்தனை மணிக்கு நடக்கிறது? நாலரை மணிக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊர் போக வேண்டிய பிள்ளைக்கு ஐந்து மணித் தேர்வு எதற்கு உதவும்? அறிவிப்பு எந்த போர்டில், எந்த வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது? தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளை கண்ணில் அது படுகிறதா? அவனுக்கு உரித்தான விதி எதுவும் தடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஏழாம் விதி போன பிறகும் இருபது வருஷம் யாரையும் எதுவும் தடுக்கவில்லைதான்.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. வருஷா வருஷம் பரிசுக்கோப்பை கொடுக்கிறோம், மேடையில் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இந்த வருஷம் ஒரு கோப்பையின் விலையைத் தேர்வு நாளன்று மாணவர்கள் வீடு திரும்ப ஒரு வேனுக்குக் கொடுத்தால் என்ன? செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன், முதல் ரசீது என் பெயரில் போடச் சொல்லி. மற்ற ரசீதுகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

— ஒரு பழைய மாணவன், வரலாற்றுத் துறை